குறிப்பாணைக்கு விளக்கம்

ஐயா,
தத்தனேரியில் அன்று ஒரு துப்பாக்கி மட்டும்
ஏன் சுடவில்லை என்று
ஏழு நாளுக்குள் எழுதித் தரச் சொன்னீர்கள்.
ஒரு பக்கம் போதவில்லை,
பின்பக்கமும் எழுதியிருக்கிறேன்.

ரிங் ரோட்டில் லாரி மோதி இறந்த
ஏட்டு ஒச்சப்பனுக்கு
ஏழு பேர், மூன்று சுற்று,
இருபத்தொரு வெற்றுத் தோட்டா.
முதல் சுற்றில் ஏழும் வெடித்தன.
தகனக் கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பின.
போல்ட்டை இழுத்தார்கள்.
ஆறு கூடு தெறித்து விழுந்தது.

வலமிருந்து மூன்றாவது,
காவலர் சுந்தரமகாலிங்கம்.
போல்ட் வந்தது, கூடு வரவில்லை.
கொக்கி முறிந்து
சேம்பருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது,
கடன்காரன் குரல் கேட்டுத்
தாழ்ப்பாள் போட்டவன் மாதிரி.

பையன் அசையவில்லை.
பாதி திறந்த போல்ட்டோடு குறி பார்த்தான்,
மற்றவர்கள் சுட்டபோது
தோளை மட்டும் குலுக்கினான்.
இரண்டு தடவை.
ஆறுக்கும் ஏழுக்கும்
சத்தத்தில் வித்தியாசம் தெரியாது.

ஒச்சப்பன் மகளுக்குத் தெரிந்திருக்கிறது.
வேன் ஏறும்போது வந்து கேட்டாள்:
"அந்த அண்ணன் மட்டும் ஏன் சார் சுடல?
எங்கப்பா மேல கோவமா?"

கணக்கு ஒப்படைக்கிறேன்.
பொறுக்கிய கூடு பதினெட்டு.
கம்பியால் தட்டி எடுத்தது ஒன்று.
வெடிக்காமல் திரும்பியவை இரண்டு.
ஆக இருபத்தொன்று.
கணக்கு எப்போதுமே சரியாகத்தான் வரும்.

இனி துப்பாக்கி.
என்னைவிட மூத்தது.
உடம்பிலும் போல்ட்டிலும் ஒரே எண்,
மாற்றிப் போட்டால் சண்டித்தனம் பண்ணும்.
பழைய கொக்கி தேய்ந்துதான் போயிருந்தது,
முறிந்ததில்லை.
ஆவணியில் புதுப் பொட்டலம் வந்தது,
பன்னிரண்டு, பளபளவென்று, முத்திரையோடு.
ஒன்றில் அரம் வைத்தேன்,
வெல்லக்கட்டியில் இறங்குவதுபோல இறங்கியது.
இன்னொன்றை வைஸில் பிடித்து லேசாகத் தட்டினேன்.
முறிந்த இடம்
ரவையாக, மணிமணியாக.

உடனே எழுதினேன்.
"ஒப்பந்தப்புள்ளியில் ஏற்கப்பட்டது, பயன்படுத்தவும்"
என்று பதில் வந்தது.
அரசுப் பொருள் இரண்டைச் சேதப்படுத்தியதாக
சம்பளத்தில் நூற்றுப்பத்து ரூபாய்
பிடித்தமும் வந்தது.

மாட்டினேன்.
பதிவேட்டில் "சரிபார்க்கப்பட்டது" என்பதன் கீழே
இருப்பது என் கையெழுத்துதான்.

இதை எழுத வேண்டாம் என்று எழுத்தர் சொன்னார்,
எழுதுகிறேன்:
முதல் நான்கையும்
மரியாதைத் துப்பாக்கிகளில்தான் மாட்டினேன்.
அங்கே எதிரே நின்று
யாரும் திருப்பிச் சுடப்போவதில்லை,
முறிந்தால் முறியட்டும் என்று.
எதிரே ஒரு பெண்பிள்ளை நிற்பாள்
என்று தோன்றவில்லை.

பன்னிரண்டில் பாக்கி ஆறு.
ஸ்டாக்கில் பழையது தீர்ந்துபோனதால்
அவையும் வெளியே போய்விட்டன.
ஒன்று கருவூல வாசலில்.
இரண்டு சிறை வழிக்காவலில்.
ஒன்று மேலூர்ப் பக்கம், எந்த ஸ்டேஷன் என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.
மற்ற இரண்டும்
அடுத்த வாரத் தேர்தல் பந்தோபஸ்துக்கு
எண்ணெய் போட்டுத் தயாராக இருக்கின்றன.

எனக்கு என்ன தண்டனையோ
அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.
முதலில் அந்த ஆறையும் திரும்ப அழையுங்கள்.
இன்று ராத்திரி கருவூலத்தில் நிற்பவர் அங்குராசு,
போன மாதம்தான் கல்யாணம்.
அவசரம் வந்தால்
அவருக்கு முதல் தோட்டா வெடிக்கும், ஐயா.
நான் எழுதுவதெல்லாம்
இரண்டாவதைப் பற்றி.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள
தலைமைக் காவலர், ஆயுதக் கிடங்கு,
மதுரை.

இணைப்பு:
முறிந்த கொக்கி ஒன்று,
தீப்பெட்டியில்.